எட்டு தொடாது, வெட்டும்

நான் கணக்கு டீச்சர். பெயர் மங்கையர்க்கரசி. ஹைதராபாத்தில் அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி முடிக்க ஒருத்தருக்கும் பொறுமை கிடையாது என்பதால் எல்லாருக்கும் நான் அரசி மேடம். மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷமாக ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு ஜியோமெட்ரி எடுக்கிறேன். வட்டம், நாண், தொடுகோடு, பலகோணம், எதைக் கேட்டாலும் தூக்கத்திலும் சொல்வேன். அப்படிப்பட்டவளை ஆறு மாதம் ஓர் எண் ஆட்டிவைத்தது. பெரிய எண் ஒன்றுமில்லை. எட்டு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில், வண்டியில் உட்கார்ந்தபடி, கால் தரையில் படாமல் போட வேண்டிய எட்டு.

எனக்கு எதற்கு அந்த எட்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது மல்காஜ்கிரியில். என் வீட்டுக்காரர் சம்பந்தம் பாலாநகரில் விமானத்துக்கு எலக்ட்ரானிக் சாமான்கள் செய்கிற தொழிற்சாலையில், நூல் பிசகாமல் கருவிகள் செய்கிற டூல் ரூமில் வேலை பார்க்கிறார். காலையில் தன் பழைய சேத்தக் ஸ்கூட்டரில் என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, அப்படியே பாலாநகர் போய்விடுவார். இறக்கிவிடும்போது தினமும் ஒரே வாக்கியம்: “ஜாக்கிரதை. சாயங்காலம் கேட்டுக்கு வெளிய நில்லு.” நானும் நிற்பேன். பள்ளி விடுவது நாலு மணிக்கு. அவர் வருவதற்கு நாலரை ஆகும், சில நாள் நாலே முக்கால். கூடவே வேலை பார்க்கிறவர்கள் ஆட்டோவிலும் ஸ்கூட்டியிலும் ஏறி டாட்டா காட்டிவிட்டுப் போவார்கள். வேர்க்கடலை விற்கிறவன்கூட என்னைப் பார்த்துப் பாவப்படுவான். ஒரு நாள் கோபத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினமும் அரை மணி, வருஷத்துக்கு இருநூறு நாள், பதினாறு வருஷம். ஆயிரத்து அறுநூறு மணி நேரம். அறுபத்தாறு நாளும் பதினாறு மணி நேரமும் நான் அந்த கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போதே எனக்கு ஸ்கூட்டி வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவர் மறுக்கவில்லை. மறுக்கிற ஆளும் இல்லை. ஆகஸ்ட் மாதம் ஒரு ஸ்கூட்டியும், ஓட்டிப் பழகுவதற்கான லைசென்ஸான எல்.எல்.ஆரும் வாங்கிக் கொடுத்தார். ஆறு மாதத்துக்குள் எட்டு போட்டு லைசென்ஸ் எடுக்க வேண்டும். 2005 பிப்ரவரி பதினெட்டாம் தேதி அது காலாவதி ஆகிவிடும்.

டிசம்பரில் எங்கள் பிரின்சிபால் ஸ்மிதா மேடம் என்னைக் கூப்பிட்டார். ஜூனில் பாலாநகரில் நம் பள்ளியின் கிளை திறக்கிறது, இரண்டு பள்ளிக்கும் சேர்த்து ஒரு கணக்குத் துறைத் தலைவர் வேண்டும், காலையில் மாரெட்பள்ளி, மத்தியானம் பாலாநகர் என்றார். சொல்லிவிட்டு, வண்டி ஓட்டுவீர்களா என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். கண்ணைத் திறந்துகொண்டே ஓட்ட வராது என்பதைச் சொல்லவில்லை. ஸ்மிதா மேடம் சட்டப்படி நடக்கிறவர். லைசென்ஸ் நகல் பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி திங்கட்கிழமைக்குள் ஃபைலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கமிட்டிக்கு விஸ்வநாத் பெயர் போகும் என்றார். விஸ்வநாத் பிசிக்ஸ் வாத்தியார். பள்ளிக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. வட்டத்தின் பரப்பளவைக் கேட்டாலே மேலே விசிறியைப் பார்க்கிற ஆள், ஆனால் பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். நான் பதினாறு வருஷம் ராத்திரி பகல் பாராமல் திருத்திய பேப்பரெல்லாம் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் நிற்காதா என்று எனக்கு வயிறு எரிந்தது.

சம்பந்தம் எனக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால், ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டி ஒரு காலி மைதானம் உண்டு. மனுஷன் டூல் ரூம் ஆள் ஆயிற்றே, எதையும் ஏனோதானோவென்று செய்ய மாட்டார். தரையில் ஓர் ஆணியை அடித்து, அதில் கயிற்றைக் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் ஒரு வட்டம் போட்டார். பிறகு ஆணியைப் பிடுங்கி, அளந்து, இன்னொரு வட்டம். இரண்டும் ஒரே புள்ளியில் தொட்டுக்கொண்டன, ஒரு நூல் இடைவெளி கிடையாது. எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. வெளிப்புறமாகத் தொடும் இரு வட்டங்கள். பாடப் புத்தகத்தில் அச்சடிக்கலாம்.

முதல் வட்டத்தில் நான் அழகாகப் போவேன். நடுப்புள்ளிக்கு வந்ததும் வண்டி நின்றுவிடும், கால் இறங்கிவிடும். எத்தனை தடவை போனாலும் அதே இடம்தான். எங்கள் மகள் ஹம்ஸினிக்குப் பதிமூன்று வயது. தமிழில் கேட்டால் வாய்க்கு வந்த மொழியில் பதில் சொல்வாள். மதில் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, “நக்கோ அம்மா, ஆட்டோ பெஸ்ட்” என்று வேண்டாம் என்பதை ஹைதராபாத் உருதுவில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சம்பந்தம் மட்டும் சளைக்காமல், “பேலன்ஸ் அரசி, பேலன்ஸ்” என்றார். அதற்கு மேல் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. வரையறை சொல்லத் தெரியாத ஆளிடம் பாடம் கேட்பது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் புரிந்தது.

முதல் டெஸ்ட் ஜனவரி கடைசியில். மைதானத்தில் இரண்டு பழைய டிரம்மை வைத்திருந்தார்கள், அவற்றைச் சுற்றி எட்டு. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பையன், இருபத்துநாலு வயசிருக்கும், ஹைடெக் சிட்டியில் சாஃப்ட்வேர் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தான். நான் வீட்டுக்காரரோடு பேசுவதைக் கேட்டு, தமிழா அக்கா என்று ஒட்டிக்கொண்டான். பெயர் ஆண்டனி, நாகர்கோவில், ஹைதராபாத்துக்கு வந்து மூன்று மாதம். ஊரில் பைக்கிலேயே பிறந்தவன் மாதிரி பேசினான். அவன் முறை வந்ததும் இன்ஸ்பெக்டர் டிரம்மைக் காட்டி, “எனிமிதி வெய்யி” என்றார். ஆண்டனியின் முகம் வெளுத்துவிட்டது. வண்டியை உருட்டிக்கொண்டு என்னிடம் திரும்பி வந்தான்.

“அக்கா, வெளிப்படையாட்டு எட்டாயிரமாக்கும் கேக்காரு. எனக்க கையில ஐந்நூறுதான் கெடக்கு.”

நான் வாயைத் திறப்பதற்குள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டான். பாவம், கடைத்தெருவில் வெய்யி என்றால் ஆயிரம் என்று கற்றுக்கொண்டிருக்கிறான். தெலுங்கில் எனிமிதி என்றால் எட்டு, வெய்யி என்றால் போடு என்றும் அர்த்தம் உண்டு. எட்டாயிரம் என்றால் எனிமிதி வேலு என்றுதான் சொல்வார்கள் என்பது மூன்று மாதத்தில் யாருக்குத் தெரியும். ஒரு தப்பும் செய்யாத இன்ஸ்பெக்டர், அந்தப் பையன் ஏன் ஓடினான் என்று என்னைக் கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன், முதல் டிரம்மைச் சுற்றினேன், நடுவில் வந்தேன், காலை ஊன்றினேன். சிரிப்பு போய்விட்டது.

பத்து நாள் கழித்து இரண்டாம் டெஸ்ட். இந்தத் தடவை எதுவானாலும் கால் ஊன்றுவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு போனேன். ஊன்றவும் இல்லை. முதல் டிரம்மைச் சுற்றி நடுவில் வந்தேன், கை இடது பக்கமே திரும்பியது, மறுபடி அதே டிரம்மைச் சுற்றினேன். மறுபடியும் நடு, மறுபடியும் அதே டிரம். மூன்றாவது சுற்றில் இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“மேடம், எனிமிதி வெய்யமண்டே ஜீரோ வேசாரு.”

எட்டு போடச் சொன்னால் ஜீரோ போட்டிருக்கிறீர்கள் என்று அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். பரீட்சை பேப்பரில் நான் எத்தனை பிள்ளைகளுக்கு ஜீரோ போட்டிருப்பேன், எனக்கு ஒருத்தர் போட்டது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும் வழியில் சம்பந்தத்தின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. எட்டு எனக்கு எட்டவே எட்டாது என்று தீர்மானித்துவிட்டேன்.

மூன்றாவது டெஸ்டுக்குக் கிடைத்த தேதி பிப்ரவரி பதினெட்டு. எல்.எல்.ஆரின் கடைசி நாள். அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குப் பலகோணம் திருப்புதல் வகுப்பு இருந்தது. எந்தப் பலகோணமானாலும் அதன் வெளிக்கோணங்களைக் கூட்டினால் முந்நூற்று அறுபது டிகிரி என்பது தேற்றம். இதை நான் கரும்பலகையில் நடத்துவதில்லை. பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய், தரையில் சாக்பீஸால் ஐங்கோணம் வரைந்து, ஒரு பிள்ளையை அதன் மேல் நடக்கவிடுவேன். ஒவ்வொரு மூலையிலும் திரும்ப வேண்டும். எல்லா மூலையும் திரும்பிக் கிளம்பின இடத்துக்கு வந்தால், கிளம்பினபோது எந்தப் பக்கம் பார்த்தோமோ அதே பக்கம் பார்ப்போம். அதாவது உடம்பு ஒரு முழுச் சுற்று சுற்றியிருக்கும். மூலைகளை எத்தனை ஆக்கினாலும் அதே ஒரு சுற்றுதான். மூலையே இல்லாமல் வளைவாக வரைந்தாலும் அதேதான். எனக்குப் பிடித்த தேற்றம் இது, இதைச் சொல்லும்போது மட்டும் நான் நல்ல டீச்சர் என்று எனக்கே தோன்றும்.

அன்றைக்கு நீலா என்று ஒரு பெண் கையைத் தூக்கினாள். பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் எவ்வளவு வரும் மேடம் என்று கேட்டாள். நானே எரிச்சலில் இருந்தேன். வெட்டிக்கொண்டால் அது பலகோணமே இல்லை, வரையறையை ஒழுங்காகப் படி என்று சொன்னேன். பக்கங்கள் மூலைகளில் மட்டும்தான் சந்திக்கலாம், நடுவில் வெட்டக் கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது. அவள் விடவில்லை. அப்படியானால் அது என்ன மேடம் என்று கேட்டாள். உட்கார் என்றேன். மைதானத்தில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பாட்டு மணி அடித்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு மைதானத்துக்குப் போனேன். சாக்பீஸால் நாலு மூலை குறித்து, நடுவில் இரண்டு கோடு வெட்டிக்கொள்கிற மாதிரி வரைந்தேன். பக்கவாட்டில் கிடத்தின உடுக்கை மாதிரி இருந்தது. நடக்க ஆரம்பித்தேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பார்த்தால் பார்க்கட்டும். முதல் மூலையில் வலது பக்கம் நூற்று முப்பத்தைந்து டிகிரி திரும்பினேன். இரண்டாவது மூலையிலும் வலது, நூற்று முப்பத்தைந்து. பிறகு நடுவைக் கடந்து போனேன். மூன்றாவது மூலையில் இடது, நாலாவதிலும் இடது. கிளம்பின இடத்துக்கு வந்துவிட்டேன், அதே பக்கம்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் வலது பக்கம் திரும்பின அத்தனையையும் இடது பக்கம் திரும்பித் தீர்த்திருந்தேன். கூட்டினால் பூஜ்யம். முந்நூற்று அறுபது இல்லை. உடம்பு ஒரு சுற்றும் சுற்றாமலே எல்லா இடத்துக்கும் போய்விட்டு வந்திருக்கிறது.

மறுபடி நடந்தேன், இந்தத் தடவை மெதுவாக. இரண்டாவது மூலைக்கும் மூன்றாவது மூலைக்கும் நடுவில் நீளமாக ஒரு கோடு இருந்தது. வெட்டுகிற இடம் அந்தக் கோட்டில்தான். அதில் நான் திரும்பவே வேண்டியிருக்கவில்லை, நேராக நடந்து போனேன். வலதிலிருந்து இடதுக்கு மாற அந்தக் கோடு எனக்கு அவகாசம் கொடுத்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். வண்டியில் போகும்போது எனக்கு அந்தக் கோடே கிடையாது. எனக்கு இருந்ததெல்லாம் ஒரு புள்ளி.

ஓட்டமும் நடையுமாக வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் எட்டு எழுதிப் பார்த்தேன். என் கை கீழே ஒரு பூஜ்யம் போட்டது, எடுத்து மேலே இன்னொரு பூஜ்யம் போட்டது. பாளையங்கோட்டையில் ஒன்றாம் வகுப்பில் சைபர் மேல் சைபர் என்று படித்த எட்டு. முப்பத்தைந்து வருஷமாக அப்படித்தான் எழுதுகிறேன். மூலையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நீலாவைக் கூப்பிட்டு, ஓர் எட்டு எழுது என்றேன். காலையில் வாங்கின திட்டு போதாதென்று நினைத்திருப்பாள், பயந்துகொண்டே கையை உதறிவிட்டு எழுதினாள். சாக்பீஸைத் தூக்கவே இல்லை. மேலிருந்து வளைந்து, நடுவைக் குறுக்காகக் கடந்து, கீழே வளைந்து, மறுபடி நடுவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு மேலே போய் முடித்தாள்.

எனக்குத் தமிழில் படித்த இரண்டு வார்த்தைகள் ஞாபகம் வந்தன. தொடுகோடு, வெட்டுக்கோடு. பதினாறு வருஷமாக டேன்ஜென்ட், சீகன்ட் என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைகள் தொடுவதையும் வெட்டுவதையும் மறந்தே போயிருந்தேன். நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து, கயிறும் ஆணியும் வைத்து, தொடுகிற எட்டைப் போட்டிருக்கிறோம். தொடுகிற எட்டில் ஒரே புள்ளியில், ஒரே நொடியில் ஹேண்டில் முழு இடதிலிருந்து முழு வலதுக்கு வர வேண்டும். அதற்குக் கழைக்கூத்தாடியாகத்தான் பிறக்க வேண்டும். நிஜமான எட்டு தொடாது, வெட்டும். நீலாவின் தலையைப் பிடித்து ஆட்டினேன். காலையில் உன்னை உட்காரச் சொன்னது என் தப்பு, உன் கேள்விக்குப் பதில் பூஜ்யம் என்று சொன்னேன். தனக்குத்தான் பூஜ்யம் கிடைத்துவிட்டது என்று நினைத்து அவள் கண் கலங்கிவிட்டது. அவளைத் தேற்றி, மைதானத்துக்குக் கூட்டிப்போய் நடக்கவைத்துக் காட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது.

சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் சம்பந்தத்தை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். உங்கள் வட்டம் தப்பு என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு சென்டிமீட்டர் கூடப் பிசகாது, இரண்டு ரேடியஸும் சமம் என்றார். சரி, நீங்களே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள் என்று சொல்லி, வட்டக் கோடு மறைந்துவிடாமல் சுண்ணாம்புப் பொடியை அந்த மைதானம் பூராவும் மெலிதாகத் தூவிவிட்டேன். அவர் ஏறி, அலட்டிக்கொள்ளாமல் ஓர் எட்டு போட்டு இறங்கினார். இரண்டு பேரும் குனிந்து டயர்த் தடத்தைப் பார்த்தோம். தடம் அவர் போட்ட வட்டத்தில் போகவே இல்லை. நடுவுக்கு முன்னாலேயே வட்டத்தை விட்டுவிட்டு, நேராகக் குறுக்கே வெட்டிக்கொண்டு, அடுத்த வட்டத்தில் பாதியில் போய்ச் சேர்ந்திருந்தது.

சம்பந்தம் தடத்தையும் வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது என்னளா, நான் போட்ட கோட்டுல நானே போகலயே!”

அவருக்கு இருபது வருஷமாக எட்டு போடத் தெரியும், வரையத் தெரியாது. எனக்கு வரையவும் தெரியாது, போடவும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சுண்ணாம்புப் புழுதியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில், ஹம்ஸினி என்னவோ ஏதோவென்று வெளியே ஓடி வந்துவிட்டாள். பிறகு வட்டங்களை எல்லாம் அழித்து, நடுவில் பெரிய பெருக்கல் குறி ஒன்று போட்டேன். அதன் மேல் நேராகப் போக வேண்டும், முனைகளில் மட்டும் திரும்ப வேண்டும். மூன்றாவது தடவையில் கால் படாமல் முழு எட்டும் வந்துவிட்டது. ஹம்ஸினி, “ஹவ், ஆகயா!” என்று கை தட்டினாள், ஆமாம், வந்துடுச்சு என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை சம்பந்தம் அரை நாள் லீவு போட்டார். அவர் ஸ்கூட்டியை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். மைதானத்தில் ஆண்டனி நின்றுகொண்டிருந்தான். அவன் கம்பெனியில் ஒரு தெலுங்குப் பெண் அவனுக்கு வெய்யிக்கு அர்த்தம் சொல்லி, அலுவலகமே ஒரு வாரம் சிரித்ததாம். என்னைப் பார்த்ததும், “அக்கா, இண்ணைக்கு எட்டு ஓசியாக்கும்” என்றான். கடகடவென்று போட்டு முடித்துவிட்டு, நான் போடுவதைப் பார்க்க ஓரமாக நின்றான்.

என் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். நான் கிளம்பினேன். எதிரே டிரம் தெரிந்தது, வட்டம் தெரியவில்லை. சுற்றினேன், ஹேண்டிலை நேராக்கினேன், குறுக்கே போனேன். பழைய பயம் வழக்கமான இடத்தில் காத்துக்கொண்டுதான் இருந்தது, நான் அதை ஒரு வார்த்தை கேட்காமல் தாண்டிவிட்டேன். அடுத்த டிரம்மை மறுபக்கமாகச் சுற்றி, மறுபடி குறுக்கே வெட்டி, கிளம்பின இடத்துக்கு வந்து நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் இன்ஸ்பெக்டர் யாரோ கொண்டுவந்த பேப்பரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பார்க்கவே இல்லை. தலையை நிமிர்த்தி, “மள்ளி வெய்யண்டி” என்றார். மறுபடி போடணுமாம்.

சம்பந்தம் தூரத்தில் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஆனால் எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். மறுபடி கிளம்பினேன். எட்டு ஒரு மூடிய வளைவரை. அதற்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தாமலும் இருக்கலாம். நான் நிறுத்தவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. துப்பட்டா பறந்தது, முகத்தில் காற்று பட்டது, வலது பக்கம் சாய்ந்தேன், இடது பக்கம் சாய்ந்தேன், எனக்கு நாற்பத்தொரு வயது என்பதே மறந்துவிட்டது. ஆண்டனி விசில் அடித்தான். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

“சாலண்டி மேடம், சாலு! ஒக்கட்டி சாலு.”

போதும், ஒன்று போதும் என்று கெஞ்சுகிற வரைக்கும் எட்டு போட்டவள் அந்த ஆபீஸிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் என் விண்ணப்பத்தில் பாஸ் என்று எழுதினார், இரண்டு தடவை அடிக்கோடும் போட்டார். லைசென்ஸ் நகலைத் திங்கட்கிழமை தருகிறேன் என்று ஸ்மிதா மேடத்துக்கு அங்கிருந்தே போன் போட்டேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை என் பெயர்தான் கமிட்டிக்குப் போகிறது என்றார்.  

சம்பந்தத்துக்கு மத்தியானம் வேலைக்குப் போக வேண்டும். பழக்க தோஷத்தில் சாவிக்குக் கையை நீட்டினார். நான் சாவியைக் கொடுக்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, பின் சீட்டைத் தட்டிக் காட்டினேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஏறிக்கொண்டார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் பின்னால் இருக்கிற கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.  நான் பிரேக் போட்டபோதெல்லாம் அவர் காலும் எதையோ அழுத்தியது எனக்குத் தெரிந்தது. போயின்பள்ளி சிக்னலில் நின்றபோது மெதுவாகக் கேட்டார்.

“பின்னாடி உக்காந்தா ரோடே தெரியலயே அரசி. உன் முதுகுதான் தெரியுது. பதினாறு வருஷமா நீ இதத்தான் பாத்துட்டு வந்தியா?”

“ஆமாங்க. எந்தச் சட்டையில எங்க எண்ணெக் கறை இருக்குன்னு எனக்கு மனப்பாடம்.”

 சிக்னல் விழுந்ததும் அவர் கம்பியை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை தோளில் இருந்த கொஞ்ச தூரத்துக்கு எனக்கு ரோடு கலங்கலாகத் தெரிந்தது.

பாலாநகரில் தொழிற்சாலை வாசலில் நிறுத்தினேன். ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவர்கள், உள்ளே போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சம்பந்தம் இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னேன்.

“ஜாக்கிரதை. சாயங்காலம் கேட்டுக்கு வெளிய நில்லுங்க.”

வாசலில் இருந்த செக்யூரிட்டி சிரித்துவிட்டார். சம்பந்தமும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

அவருக்கு வேலை முடிவது நாலு மணிக்கு. நான் போனது நாலரைக்கு. போக்குவரத்து நெரிசல் என்று அவரிடம் சொன்னேன், அது பொய். ஒரு நாளாவது அரை மணி நிற்கட்டும் என்றுதான் போயின்பள்ளியில் நிறுத்தி நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டுப் போனேன். ஆனால் அவர் பாவமாக நிற்பார் என்று நான் நினைத்தது நடக்கவில்லை. கேட்டுக்கு வெளியே செக்யூரிட்டியையும் டூல் ரூம் ஆட்கள் நாலு பேரையும் சுற்றி நிறுத்திவைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர், அரசி நிறுத்தாமல் எட்டு எப்படிப் போட்டாள் தெரியுமா என்று என் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே ஷூ முனையால் புழுதியில் வரைந்தும் காட்டினார். எட்டிப் பார்த்தேன். சுத்தமான ஒரு வட்டம், அதைத் தொட்டுக்கொண்டு இன்னொரு சுத்தமான வட்டம்.

நான் வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு இறங்கிப் போய், அதைச் செருப்பால் அழித்துவிட்டு, காலைத் தூக்காமல் ஒரே இழுப்பில் சரியான எட்டைப் போட்டேன்.